காஷ்மீர் போனவருக்கு எதிரே வந்தவள்

மாமா வண்டியை உதைக்கும் சத்தம் கேட்டால், அத்தை கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வீட்டின் பின்பக்கம் போய்விடுவார். வண்டி தெருமுனை திரும்பி, சத்தம் ஏரிக்கரைப் பக்கம் தேய்ந்த பிறகுதான் வாசலுக்கு வருவார். புருஷனை இழந்தவள் எதிரே நின்றால் போகிற காரியம் ஆகாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பெற்ற பிள்ளைக்கும் அதேதான். அதில் அத்தைக்கு வருத்தம் உண்டு என்று அந்த நாளில் எனக்குத் தெரியாது. சோறு வெந்துவிட்டதா என்று பார்க்கப் போகிறவர் போலப் போவார், வருவார்.

மாமா என்றால் என் வீட்டுக்காரர் வீராசாமியின் அண்ணன்; அத்தை அவர்கள் இருவரையும் பெற்றவர். பெயர் கன்னியப்பன். மானாம்பதியைச் சுற்றிக் கிணற்றில் ஆயில் இஞ்சின் வைத்திருக்கிறவர்களில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. அப்பா, அவர்களுக்கு நைனா, செத்ததும் படிப்பை விட்டுவிட்டு உத்திரமேரூரில் ஒரு ஒர்க் ஷாப்பில் சேர்ந்தார். அங்கே ஸ்பானர் கழுவி, பிறகு ஸ்பானர் எடுத்துக் கொடுத்து, பிறகு தானே இஞ்சினைப் பிரித்தார். வெயில் காலத்தில் அவருக்கு உட்கார நேரமிருக்காது. மழை பிடித்து ஏரி நிரம்பிவிட்டால் இஞ்சின்கள் எல்லாம் சாக்கைப் போர்த்திக்கொண்டு சும்மா இருக்கும். மாமாவும் சும்மா இருப்பார்.

அதிகம் பேச மாட்டார். நாம் ஏதாவது கேட்டால் முதலில் சிரிப்பார், பதில் அப்புறம்தான் வரும். அவர் கையில் டீசல் வாசனை போகவே போகாது. சாப்பிட உட்காரும் முன்னால் பவளம் அக்கா, குழம்புக்குக் கரைத்த புளியின் சக்கையை எடுத்து வந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துவிடுவாள். சின்னப் பிள்ளை மாதிரி அவர் கையை நீட்டிக்கொண்டிருப்பார். அந்த வீட்டுக்கு நான் மருமகளாக வந்த புதிதில் எனக்கு அதைப் பார்க்கக் கூச்சமாக இருக்கும். பார்க்காமல் இருக்கவும் முடியாது.

பவளம் அக்கா மாமாவின் மனைவி, எனக்கு மூத்த ஓர்ப்படி. திருப்புலிவனத்துப் பெண். கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகியும் அவளுக்குக் குழந்தை இல்லை. எனக்கு அதற்குள் இரண்டு. ஊரில் வளைகாப்பு, மஞ்சள் நீர் என்றால் எங்கள் இருவரையும்தான் அழைப்பார்கள். சந்தனம் பூச என்னை முன்னால் இழுப்பார்கள். யாரும் விலகு என்று சொல்வதற்கு முன்பே அக்கா சோறு பரிமாறுகிற பக்கம் போய் நின்றுகொள்வாள். யாராவது வெளியூர் கிளம்பினாலும் அப்படித்தான். அத்தை பின்பக்கம் போவார், அக்கா கதவுக்குப் பின்னால் நிற்பாள், நிறைகுடத்தோடு எதிரே வருவது நானாக இருக்கும்.

வண்டி எங்கள் வீட்டுக்கு இரண்டு சாக்கில் வந்தது. மிலிட்டரியில் கழித்துப் போட்ட பழைய புல்லட் அது. மாமா அதை வேப்பமரத்தடியில் கொட்டி, மழைக்காலம் தோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தார். சின்னச் சின்ன சாமான்களை மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் ஊறவைத்து அக்கா பழைய புடவைத் துணியால் துடைத்துக் கொடுப்பாள். ஒருநாள் அது எழுந்து நின்றது. உதைத்தபோது கோழியெல்லாம் கூரைமேல் ஏறிக்கொண்டது.

டீக்கடை பஞ்சாட்சரம் கேட்டார்:

"கன்னியப்பா, இது காஞ்சிபுரம் வரிக்கும் உன்ன தூக்கிக்கினு போவுமா, இல்ல நீ அத தூக்கிக்கினு வருவியா?"

"எவ்ளோ தூரம் போவும்னு எனக்கே தெர்ல. போயி பாத்தாதான் தெரியும்" என்றார் மாமா. அதை அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை என்று எங்களுக்குப் புரிய அடுத்த மழைக்காலம் வரவேண்டியிருந்தது.

அது எழுபத்தொன்பதாம் வருஷம். புரட்டாசியிலேயே நல்ல மழை. ராத்திரிச் சாப்பாட்டின்போது மாமா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"கொஞ்சம் வடக்க போயிட்டு வரலாம்னு கீறேன்."

"வடக்கன்னா? காஞ்சிபுரமா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"இல்லடா. ரோடு போற வரிக்கும்."

"அண்ணா, ரோடு காஷ்மீர் வரிக்கும் போவுது."

மாமா யோசித்தார். "அப்போ அங்க" என்றார்.

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை. "துணைக்கு யாரு?" என்று கேட்டார்.

"வண்டில எடம் ஏது? சாமான் வைக்கணும்."

"சரி, போயிட்டு வா. முடிஞ்சா காசியில முழுக்கு போடு. நீ வந்தொடனே தாமல் போயி ஒரு முடிவு பேசிருவோம்."

தாமலில் அத்தைக்குத் தூரத்து உறவில் ஒரு பெண் இருந்தாள். குழந்தைக்காக மாமாவுக்கு அவளை இரண்டாவதாகக் கட்டிவைக்கலாம் என்ற பேச்சு ஒரு வருஷமாக நடந்துகொண்டிருந்தது. அதை அக்கா இருக்கும்போதே நேராகச் சொன்னது அன்றைக்குத்தான். அக்கா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டி நிற்கவில்லை. மாமா ரசத்தைக் கையால் தடுத்து, போதும் என்றார்.

பிறகு நாலைந்து நாள் அக்கா அவருக்கு வேண்டியதைத் தயார் செய்தாள். அரிசியை வறுத்து மாவாக்கினாள். எள்ளுப் பொடி இடித்தாள். சட்டையின் உள்பக்கம் ஒரு பை தைத்தாள். இந்த வீட்டில் இதெல்லாம் தான் செய்வது இதுதான் கடைசியோ என்று நினைக்கிறாளோ என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை.

கிளம்புகிற காலையில் அத்தை என்னைக் கூப்பிட்டார். "பித்தள கொடத்துல தண்ணி மொண்டுக்கினு கெணத்தாண்ட போயி நில்லு. வண்டி நவுந்ததும் எதிர்ல வா. கொழந்தய இடுப்புல வச்சிக்கோ, நல்லது." சொல்லிவிட்டு மகன் தலையைத் தொட்டுத் தடவினார். பின்பக்கம் போய்விட்டார்.

தெருவில் அக்கம்பக்கத்தார் நின்றிருந்தார்கள். வண்டியின் பின்னால் தார்ப்பாய், ட்யூப், ஸ்பானர் பெட்டி, ஒரு அலுமினியப் பாத்திரம் எல்லாம் கட்டியிருந்தது. மாமா உதைத்தார். இஞ்சின் பிடித்தது. ஆனால் வண்டி நகரவில்லை. கிணற்றடியில் நின்ற என்னைப் பார்த்தார், பிறகு வாசல் கதவைப் பார்த்தார்.

"பவளம் எங்க?"

அக்கா கதவை ஒட்டி நின்றிருந்தாள், முந்தானை மட்டும் தெரிந்தது.

"அந்த கொடத்த அவகிட்ட குடும்மா" என்றார் என்னிடம். அதுவரை அவர் என்னிடம் நேராக நின்று ஒரு வார்த்தை பேசியதில்லை. தம்பி மனைவியிடம் அப்படிப் பேசுவது வழக்கமில்லை.

அக்கா வெளியே வந்தாள். "நானா? வேணாங்க. எப்பவும் போல தங்கச்சியே வரட்டும்."

"நீ எதிர்ல வந்தாதான் வண்டி நவுரும்."

எதிர்வீட்டு ஆண்டாளம்மாள் யார் காதிலும் விழவேண்டாம் என்பது போல, எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: "தூர தேசம் போற ஆளு. இன்னா இது வெளையாட்டு?"

நான் குடத்தை அக்காவின் இடுப்பில் வைத்தேன். தண்ணீர் தளும்பி அவள் புடவை நனைந்தது. கிணற்றடியிலிருந்து அவள் நடந்து வந்தாள். மாமா அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அருகே வந்ததும் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சத்தம் தேய்ந்ததும் அத்தை வாசலுக்கு வந்து என்னிடம் கேட்டார், "நல்லா எதிர்ல போனியா?" என்று. நான் குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன். ஆண்டாளம்மாள்தான் சொன்னார். அத்தை திட்டவில்லை. நிலைப்படியில் அப்படியே உட்கார்ந்தார். மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை.

முதல் சேதி அரிசி மில் லாரி ஓட்டுகிற சேட்டு மூலம் வந்தது. மாதத்தில் ஒரு தரமாவது வடக்கே லோடு அடிக்கிற ஆள் அவர். வீட்டு வாசலில் நின்று சிரிக்கச் சிரிக்கச் சொன்னார்.

"நாக்பூர் தாண்டி ஒரு புளியமரம். அடியில ஒரு ஆளு கல்லு கூட்டி சோறு பொங்கிக்கினு கீறாரு. பாத்தா நம்ம கன்னியப்பண்ணன். இன்னாண்ணா, எப்டி கீறேன்னா, ‘செயின் கொஞ்சம் லூசா கீது, மத்தபடி தேவல’ன்றாரு. நான் வண்டிய கேக்கல, உன்ன கேட்டேன்றேன். சிரிக்கிறாரு."

"எளச்சிருக்காரா?" அக்கா உள்ளே இருந்து கேட்டாள்.

"எளைக்கல அண்ணி. கறுத்துட்டாரு. இனிமே கறுக்க எடமில்லன்னு நெனச்சேன், இருந்திருக்கு."

அன்றைக்கு அக்கா அவருக்கு டீயோடு முறுக்கும் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு சேதி இல்லை. தீபாவளி வந்தது. அக்கா எண்ணெய்ச் சட்டி வைத்து அதிரசம் சுட்டாள். மாமாவுக்கு என்று ஒரு தூக்கில் எடுத்து வைத்தாள். அது பூசணம் பூத்த பிறகும் கொட்ட மனமில்லாமல் வைத்திருந்தாள். ஒன்று மட்டும் தினமும் செய்தாள். அந்தப் பித்தளைக் குடத்தைக் காலையில் கவிழ்த்து, தேய்த்து, புதுத் தண்ணீர் மொண்டு நிலைப்படிக்கு உள்ளே வைப்பாள். அதிலிருந்து யாரும் குடிக்கக்கூடாது. ஏன் என்று நான் கேட்டதற்கு, "இருக்கட்டும்" என்றாள்.

ஐப்பசி முடிகிற சமயம் சேட்டு மறுபடியும் வந்தார். இந்தத் தரம் சிரிப்பு இல்லை. என் வீட்டுக்காரரை வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போய்ப் பேசினார். ஜான்சி பக்கம் ஒரு பாலத்துக்குக் கீழே மெட்ராஸ் நம்பர் போட்ட பழைய புல்லட் ஒன்று நொறுங்கிக் கிடந்ததாம். வேறு ஒரு டிரைவர் பார்த்தது. ஓட்டி வந்த ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்களா, இல்லையா, ஒன்றும் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் உத்திரமேரூரில் லாரிக்காரர்கள், போலீஸ் ஸ்டேஷன் என்று அலைந்தார். கீழே கிடந்த வண்டியின் நம்பர் தெரியாமல் என்ன கேட்பது என்று திரும்பி வந்தார்.

தெருவில் அதற்குள் முடிவு கட்டிவிட்டார்கள். குழந்தை இல்லாதவளை எதிரே வரவிட்டுக் கிளம்பினால் வேறு என்ன நடக்கும் என்று. ஆண்டாளம்மாள் வந்து, மூக்கைச் சிந்திவிட்டுப் போனார். அவர் போனதும் அத்தை, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"ஏழு வருசமா வெறுங்கொடம். அத எதிர்ல உட்டுக்கினு போனான் என் புள்ள."

அக்கா பக்கத்தில்தான் இருந்தாள். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆய்ந்து முடித்து, கழுவி, அடுப்பில் வைத்துவிட்டு, மாட்டுக்கொட்டகைப் பக்கம் போனாள். நான் பின்னால் போகவில்லை. போயிருந்தால் அவள் அழ முடியாது.

சேதி திருப்புலிவனத்துக்கும் எட்டி, அக்காவின் அண்ணன் வரதன் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்தார். கூடத்தில் எல்லாரும் கேட்கும்படியே பேசினார்.

"கெளம்பு பவளம், நம்ம வூட்டுக்கு. இவங்க பேசற பேச்ச கேட்டுக்கினு இங்க இன்னாத்துக்கு இருக்கணும்? அவரு வந்தா தாமல் பொண்ணு. வரலன்னா உம்மேல பழி. ரெண்டுத்துல எதுக்குக் காத்துனு கீற?"

அக்கா அவருக்கு மோர் கொடுத்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"இப்ப நான் வந்துட்டா, எதிர்ல வந்தது தப்புன்னு நானே ஒத்துக்கினா மாதிரி ஆவும். அவரு கூப்ட்டாரு, நான் வந்தேன். அவரு திரும்பி வரும்போதும் நான் இங்க இருக்கணும். அப்புறம் அவரு போன்னு சொன்னா, நானே நடந்து வர்றேன். நீ போயிட்டு வாண்ணா."

வரதன் மோரை வைத்துவிட்டு எழுந்தார். காலி வண்டியோடு திரும்பிப் போனார்.

அன்று சாயங்காலம் அக்கா பின்பக்கம் உட்கார்ந்து கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். நான் கொஞ்சம் தள்ளிக் குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். அத்தை வந்து அக்காவுக்கு எதிரே குந்தினார். கீழே சிந்தியிருந்த கேழ்வரகைப் பொறுக்கி முறத்தில் போட்டார்.

"கெளம்பும்போது அவன் மொகம் எப்டி இருந்திச்சி?"

அக்காவின் முறம் நின்றது.

"நான் பாக்கல" என்றார் அத்தை. "அவங்க நைனா போனதிலேர்ந்து என் புள்ளைங்க வெளிய கெளம்பறத நான் பாத்ததே இல்ல. சத்தந்தான் கேப்பேன். கடசியா அவன் மொகத்த பாத்தவ நீதான். சொல்லு."

அக்கா யோசித்து யோசித்துச் சொன்னாள். "நீல சட்ட போட்டிருந்தாரு. தலைய நல்லா படிய வாரியிருந்தாரு, ஆனா பின்னால ஒரு கொத்து தூக்கிக்கினு இருந்திச்சி."

"அது அப்டிதான். பொறந்ததிலேர்ந்து" என்றார் அத்தை.

"நான் நடந்து வரும்போது தண்ணி தளும்புதே, அத பாத்து சிரிச்சாரு. பயமே இல்ல அத்த மொகத்துல. திருவிழாவுக்குப் போற பையன் மாதிரி இருந்தாரு. கண்ணாடி போட்டப்புறம் பல்லு மட்டுந்தான் தெரிஞ்சிது. தெரு கோடில ஒருவாட்டி திரும்பிப் பாத்தாரு."

"திரும்பிப் பாத்தானா?"

"பாத்தாரு. வூட்டு பின்பக்கமா பாத்தாரு. நீ அங்கதான் இருப்பன்னு அவருக்குத் தெரியாதா?"

அத்தை முந்தானையால் முகத்தை அழுத்திக்கொண்டார். பிறகு அக்காவின் கையிலிருந்த முறத்தை வாங்கி, மிச்சமிருந்த கேழ்வரகைத் தானே புடைத்தார். அன்றிலிருந்து சகுனத்தைப் பற்றி அந்த வீட்டில் பேச்சில்லை. ஆண்டாளம்மாள் வந்தாலும் அத்தை, "வேல கெடக்குது, அப்புறம் வா" என்று அனுப்பிவிடுவார்.

கார்த்திகை பிறந்து சில நாளில், மழை விட்டிருந்த ஒரு காலையில், ஏரிக்கரைப் பக்கமிருந்து சத்தம் வந்தது. எங்களில் முதலில் கேட்டது அத்தைதான். பழக்கத்தில் சட்டென்று எழுந்து பின்பக்கம் நாலு எட்டு வைத்துவிட்டார். பிறகு, இது போகிற சத்தம் இல்லை, வருகிற சத்தம் என்று புரிந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அக்கா நிலைப்படிக்கு உள்ளே இருந்த குடத்தை இடுப்பில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். இந்தத் தரம் அவளை யாரும் கூப்பிடவில்லை.

வண்டியில் வந்தவர் தாடி வளர்த்து, எலும்பாக இருந்தார். ஒரு செருப்பு கயிறு போட்டுக் கட்டியிருந்தது. மண் அப்பி, வண்டியின் நிறமே தெரியவில்லை. அக்காவுக்கு நேரே வந்து இஞ்சினை நிறுத்தினார். வண்டியை விட்டு இறங்கினார். அவர் குனிந்து இரண்டு கையையும் நீட்டினார். அக்கா குடத்தைச் சாய்த்து ஊற்ற, அவர் நடுத்தெருவில் நின்று அதைக் குடித்தார், முகம் கழுவினார்.

"ரோடு முடிஞ்சிதா?" என்று கேட்டார் பஞ்சாட்சரம்.

"எங்க முடிஞ்சிது? பனி மூடிப்போச்சி. மிலிட்டரிக்காரன் இதுக்கு மேல உடமாட்டேன்னு திருப்பி அனுப்பிட்டான். அந்தாண்டயும் ரோடு போவுது."

பாலத்துக்குக் கீழே கிடந்தது வேறு யாருடைய வண்டியோ. பாவம், அவன் வீட்டில் யார் காத்திருந்தார்களோ என்று அக்கா வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தாள். மாமாவுக்குப் பஞ்சாபில் ஜுரம் கண்டிருக்கிறது. கோதுமை பயிரிடுகிற ஒருவர் வீட்டில் படுத்துக் கிடந்திருக்கிறார். தேறியதும் அந்த வீட்டு இஞ்சினைச் சரிசெய்து கொடுக்க, பக்கத்து நிலத்துக்காரர்களும் கூப்பிட, பெட்ரோலுக்கும் ரொட்டிக்கும் வழி கிடைத்திருக்கிறது. பாஷை தெரியாமல் எப்படி என்று கேட்டதற்கு, "இஞ்சின காட்னாங்க. நான் பாத்தேன். அதுக்கு மேல இன்னா பேச்சு?" என்றார்.

எதிரே வரப் பவளத்தை ஏன் கூப்பிட்டாய் என்று கேட்டது ஆண்டாளம்மாள்தான். நாங்கள் யாரும் கேட்டிருக்க மாட்டோம். மாமா வழக்கம்போல முதலில் சிரித்தார்.

"கெளம்பும்போது பாத்த மொகந்தான் ஆண்டாளம்மா, வழி பூரா முன்னால நிக்கிது. அவ்ளோ தூரம் போவணும். வேற யார பாத்துக்கினு போவறது?"

அக்கா உள்ளே புளிச் சக்கை எடுக்கப் போய்விட்டாள்.

தாமலைப் பற்றி உறவுக்காரர் ஒருவர் பேச்செடுத்தபோது அத்தை, "அங்க இன்னா வேல எனக்கு?" என்று முடித்துவிட்டார். மாமாவுக்கும் அக்காவுக்கும் பிறகும் குழந்தை பிறக்கவில்லை. அது அப்படியே இருந்தது. தை மாதத்தில் சேட்டு, வடக்கே லோடு போகும் முன் லாரியை எங்கள் சின்னத் தெருவுக்குள் கொண்டுவந்து ஹாரன் அடித்தார். "அண்ணி, கொஞ்சம் கொடத்தோட எதிர்ல வாங்க. பிரேக் வேற செரியில்ல" என்றார். மாமா ஓடிப்போய், பிரேக்கைப் பார்க்காமல் போகக்கூடாது என்று லாரிக்குக் கீழே படுத்துவிட்டார்.

மாசியில் அத்தைக்குக் கண்ணில் புரை எடுக்கக் காஞ்சிபுரம் போகவேண்டி வந்தது. அந்த வண்டியிலேயே, மாமாவுக்குப் பின்னால், புடவையை இழுத்துக் கட்டி ஏறி உட்கார்ந்தார். பயத்தில் கண்ணை மூடிக்கொண்டே, "பவளம், கொடத்த எடுத்துக்கினு எதிர்ல வா" என்றார். அக்கா வந்தாள். நானும் குழந்தையோடு பக்கத்தில் நின்றேன்.

கட்டுப் பிரித்து, தடிக் கண்ணாடியோடு திரும்பி வந்து சில நாள் ஆகியிருக்கும். மாமா ஏதோ கிணற்று வேலைக்குக் கிளம்பினார். வண்டியை உதைத்த சத்தம் கேட்டதும் அத்தை வழக்கம்போலப் பின்பக்கம் திரும்பினார். அக்கா குறுக்கே போய் நின்றுகொண்டாள்.

"கண்ணு ஆபரேசன் இன்னாத்துக்குப் பண்ணிக்கின? நின்னு பாரு அத்த."

"ஐய, வேணாம்மே. என் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சின்னா?"

"ஒண்ணும் ஆவாது. நான் எதிர்ல போறேன் இல்ல? நீ நெலப்படில நின்னு பாரு."

அத்தை நின்றார். நிலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியை மூக்கில் ஏற்றி ஏற்றிப் பார்த்தார். மாமா அன்றைக்குப் போனது ஊர்க் கோடிக் கிணற்றுக்குத்தான். மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார். அத்தை வண்டி முனை திரும்புகிறவரை வாசலை விட்டு அசையவில்லை.

"அந்த கொத்து மயிரு இன்னும் தூக்கிக்கினுதான் கீது" என்றார்.